சகலை குறைத்து வைத்த வேகம்

கள்ளக்குறிச்சியில் சர்வீஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ரேமை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் அழுத்துவது என்றெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை வீடியோவில் பார்த்துவிட்டு என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். இருபத்தாறு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து, சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு எழுந்து வந்தவன் நான். கை பழகாமல் செய்த தவறுகள் எனக்கும் உண்டு. அவை யாருக்கும் பெரிய நஷ்டம் ஏற்படுத்தவில்லை. கை நன்றாகப் பழகிய பிறகு, பொறாமையில் நான் செய்த ஒரு வேலையால் ஒரு வீட்டுக் கல்யாணத்தின் போட்டோக்களே அழிந்துபோயின. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவருக்குச் சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் கடை. என்னைவிட ஒன்பது வயது சின்னவர். சகலை என்ற முறை இருந்தாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேசமாட்டார். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். அவர் கடை திறந்த புதிதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கள்ளக்குறிச்சிக்காரர்களே கம்ப்யூட்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு சங்கராபுரம் போக ஆரம்பித்த பிறகுதான் தோன்ற ஆரம்பித்தது. திருநாவலூரில் மாமனார் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மாமனார் தன் போன் மெதுவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வருவார். என்னைத் தாண்டிப் போய்ச் சகலை கையில் கொடுப்பார். இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் அந்தப் பொறாமை வளர்ந்தது.

கச்சிராயபாளையத்தில் மலர்க்கொடி என்று ஒரு பெண், கணவரோடு சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கணவர் விசேஷங்களுக்குப் போய் எடுத்து வருவார். மலர்க்கொடி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் செய்வார். வேலை இல்லாத மத்தியான நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுவார். நம்மூர் பஸ் மாதிரியே பெயின்ட் அடித்த பஸ்ஸை மலைப்பாதையில் ஓட்டும் கேம் அது. அதற்கென்று ஸ்டியரிங்கே வாங்கி வைத்திருந்தார். தான் ஓட்டுவதை நெட்டில் வீடியோவாகப் போடுவார். பார்க்க ஒரு கூட்டமும் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை ஒருநாள் என் கடைக்குக் கொண்டுவந்தார்.

"அண்ணா, நேர் ரோட்டுல நல்லா போவுது. வளைவுல திருப்பறப்பதான் ஸ்டக் ஆயி ஸ்டக் ஆயி நிக்குது. பாக்கறவங்க, 'அக்கா, பஸ்ல டீசல் இல்லியா'ன்னு கமென்ட் போடறாங்க."

திறந்து பார்த்தேன். எட்டு ஜிபி ரேம் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த கேமுக்கும் அதை வீடியோ எடுக்கும் சாஃப்ட்வேருக்கும் அது போதாது. இன்னொரு எட்டு ஜிபி போட்டேன். அதே கம்பெனி ரேம் கையில் இல்லாததால் வேறு கம்பெனி. போட வேண்டிய சரியான ஸ்லாட்டைப் பிராசஸரின் பெரிய ஃபேன் மறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால்தான் அங்கே செருக முடியும். அன்று கடையில் கூட்டம். கைக்கு எட்டிய ஸ்லாட்டில் செருகி, பதினாறு ஜிபி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் செருகினால் இரண்டு ரேமும் சேர்ந்து ஓடாது, பாதி வேகம் வீணாகும் என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மலர்க்கொடி போன் செய்தார். "முன்னவிட கம்மி ஆயிருக்குங்கண்ணா. ஆனா போவல."

"கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்மா. அது வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். கம்ப்யூட்டரை இன்னொரு முறை பார்க்காமல், போனிலேயே சொன்னேன்.

அடுத்த மாதம் சகலை கச்சிராயபாளையத்துக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனார். அங்கே போட்டோ எடுக்க வந்தவர் மலர்க்கொடியின் கணவர். பேச்சு வளர்ந்து, சகலை ஸ்டுடியோவுக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது என் மனைவி. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, ஒரு கபடும் இல்லாமல் சொன்னாள்.

"ஏங்க, மலர்க்கொடி போன் பண்ணுச்சி. தங்கச்சி வூட்டுக்காரு போயி பாத்தாராம். ஃபேன கழட்டி ரேம எடம் மாத்தி வெச்சாராம். இப்ப பஸ்ஸு வழுக்கிக்கினு போவுதாம். கார்டெல்லாம் வேணவே வேணாமாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க ஏன் அத பாக்கல?" என்று கேட்டாள்.

நான் எழுந்து கடைக்குப் போனேன். நான் சோம்பலில் செருகிய இடத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அதுதான் என்னைக் குடைந்தது. மாமனார் வீட்டில் அடுத்த முறை பார்த்தபோது அவர் அதைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். "கடை எப்படிப் போவுதுங்கண்ணா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சில வாரம் கழித்து அதே கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று, பக்கம் என்பதால் என்னிடமே வந்தது. பவர் சப்ளை போயிருந்தது. மாற்றினேன். வந்த வேலை அதோடு முடிந்தது. ஆனால் நான் பயாஸுக்குள், ரேமின் வேகத்தை வைக்கும் செட்டிங் பக்கத்துக்கு, போனேன். சகலை என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

ரேமின் வேகம் 2933 என்று இருந்தது. நான் தொடாமல் விட்டிருந்த 2400லிருந்து ஏற்றி, சகலை அங்கே நிறுத்தியிருக்கிறார். ஆனால் இரண்டு ரேமிலும் ஸ்டிக்கரில் 3200 என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. முழு வேகத்தை வைக்கக்கூடத் தெரியவில்லை, இவருக்கா இத்தனை பெயர் என்று நினைத்தேன். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

3200 வைத்தேன். அதோடு நிறுத்தவில்லை. ரேம் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு டைமிங் என்று சொல்வோம் அல்லவா, அதையும் ஒவ்வொன்றாகக் குறைத்தேன். இரண்டு முறை ஸ்க்ரீனே வரவில்லை. வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன். வந்துவிட்டது. கேமைத் திறந்து மலைப்பாதையில் பஸ்ஸை விட்டேன். எந்த வளைவிலும் ஒரு திக்கல்கூட இல்லை.

வாங்கிப்போக வந்த மலர்க்கொடி கடையிலேயே ஓட்டிப் பார்த்தார். "அண்ணா! இன்னா பண்ணீங்க? வெண்ண மாதிரி போவுது!"

"முன்ன பாத்தவரு கொஞ்சம் கம்மியா வெச்சிட்டு போயிட்டாரும்மா. நான் சரி பண்ணிட்டேன்."

அந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் அவ்வளவு வேலையும். அன்று மத்தியானம் மனைவியிடம் ஒரு முறை, பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு முறை அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

ரேம் டெஸ்ட் செய்யும் பென் டிரைவ் என் மேசை டிராயரிலேயே இருந்தது. வேகத்தைத் தொட்டால் அதை ஓட்டாமல் யாருக்கும் எந்தக் கம்ப்யூட்டரையும் நான் கொடுத்ததில்லை. அன்று எடுக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அது எனக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுமோ என்ற பயம்தான் உண்மையான காரணம்.

ஒரு மாதம் கழித்துக் காலையில் மலர்க்கொடியின் போன். குரல் சரியில்லை.

"அண்ணா, மல மேல ஒரு கல்யாணம் எடுத்தோம். போட்டோ எல்லாம் பாதிக்குக் கீழ சாம்பலா இருக்குது. சிலது கோடு கோடா வருது. நூத்துக்கு மேல இருக்கும்ணா. மேடையில எடுத்தது முக்காவாசி போச்சி."

"கேமரா கார்டுல இருக்குமேம்மா?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சின்னு அத அழிச்சிட்டு, அவரு காதுகுத்துக்கு எடுத்துக்கினு போயிட்டாரு."

"பேக்கப்?"

"அதுலயும் இப்படியேதான் இருக்குது."

ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் பேக்கப்பில் நன்றாக இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டிருக்கிறது என்றால், கார்டிலிருந்து ஏற்றும்போதே ரேமுக்குள் கெட்டுத்தான் இரண்டுக்கும் போயிருக்கிறது. போனைக் காதில் வைத்துக்கொண்டே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

"ரேம் ஸ்பீடு ஏத்தினதால இருக்கும்மா. மொத மொத ஏத்தினது எங்க சகலதான? அவர ஒரு வார்த்த கேளு."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் நான் சொன்னது பொய். உங்கள் தொழிலில் இப்படி ஒரு வசதி உண்டு, ஜாக்கிரதையாக இருங்கள். வாடிக்கையாளருக்கு உள்ளே நடப்பது தெரியாது. உண்மைகளைக் கொஞ்சம் வரிசை மாற்றி வைத்தாலே பழியை யார் மேலும் போட்டுவிடலாம்.

மலர்க்கொடி கூப்பிட, மறுநாள் காலை சகலை கச்சிராயபாளையத்துக்கு வந்தார். நானும் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் வழக்கம்போல முனகிக்கொண்டே பயாஸைத் திறந்தார். திரையைப் பார்த்ததும் பாட்டு நின்றது. 3200. கீழே, குறைத்து வைத்த டைமிங் எண்கள். அவர் வைத்தது ஒன்றுகூட அங்கே இல்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை.

"ரேமுதான் காரணம்மா" என்றார் மலர்க்கொடியிடம். "ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒத்துப்போவல. இனிமே இதுல எதுவும் காப்பி பண்ணாதீங்க."

"நீங்க ஸ்பீடு ஏத்தினதாலயாண்ணா?"

"பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானும் வந்தேன். ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"3200ல டெஸ்ட் ஓட்டினீங்களாண்ணா?"

"இல்ல."

"நான் அன்னிக்கு ஓட்டினேன். எரர் வந்துச்சி. அதான் ஒரு படி கம்மி பண்ணேன். மறுபடியும் ஓட்டி, சுத்தமா வந்தப்பறம்தான் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என்னுடையது, கோபம் அவர்மேல். "அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாமே சகல?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்கண்ணா. நான் எது சொன்னாலும் உங்க மொகம் மாறிப்போவுது. எதுக்குன்னு விட்டுட்டேன்."

என் பொறாமை எனக்குள்ளேயே இருக்கிறது, வெளியே யாருக்கும் தெரியாது என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒதுங்கிப்போயிருக்கிறார். சொல்ல வேண்டிய ஒரு சொல் அதனால்தான் என்னிடம் வந்து சேரவில்லை.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போனேன்.

"மலர்க்கொடி, அவரு சரியாத்தாம்மா வெச்சிருந்தாரு. பவர் சப்ளை மாத்த வந்தப்ப ஏத்தினது நான். டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டேன். தப்பு என்னுது."

மலர்க்கொடி என்னையே பார்த்தார். "அப்ப நேத்து ஏன் அவர கேக்கச் சொன்னீங்க?"

பக்கத்தில் நின்ற அவர் கணவர் மெல்லக் கேட்டார். "கல்யாண வூட்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் போயி சொல்றேன்" என்றேன்.

அழித்த கார்டிலிருந்து கிடைத்ததையெல்லாம் நானும் சகலையும் சேர்ந்து மீட்டோம். அதே இடத்தில் காதுகுத்துப் படங்கள் பதிந்துவிட்டதால் பாதிகூட வரவில்லை. மேடையில் எடுத்தவற்றில் கெட்டது ஏறக்குறைய எதுவும் திரும்பி வரவில்லை.

மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். லேப்டாப், கேபிள், கார்டு ரீடர் எல்லாம் பையில். வெள்ளிமலையிலிருந்து இன்னொரு வண்டி பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கல்யாணப் பெண்ணின் அப்பா சாமை அறுத்த நிலத்தில் இருந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னேன். நான் யார், என்ன செய்தேன், எதனால் போட்டோ போயிற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்ன பொறாமை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"நானும் என் தம்பியும் மேடையில நின்னமே, அது இருக்குதா?"

"இல்லிங்க."

நிலத்து ஓரத்துப் பலா மரம் யாருக்கு என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் எட்டு வருடமாகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று தம்பி தானாக மேடையேறி வந்து பக்கத்தில் நின்றிருக்கிறார்.

நான் புத்தியில்லாமல் கேட்டேன். "இன்னொரு தபா ரெண்டு பேரையும் நிக்க வெச்சி எடுத்துரலாங்களா?"

"எங்க நிப்பான்? சாப்பாட்டுப் பந்தியில நான் ஏதோ சொல்லிட்டனாம். மறுபடியும் பேச்சு நின்னு போச்சி." கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார். "அந்த ஒண்ணுதான் மிச்சம்னு இருந்தேன். அதயும் அழிச்சிட்டு வந்து நிக்கறீங்க."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று முழுவதும் அந்த ஊரில் வீடு வீடாகப் போனேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் போனில் எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் தம்பி வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது.

"அண்ணன் வூட்டுக்குப் போயிட்டுத்தான வறீங்க? இன்னா சொன்னாரு?" என்றார் தம்பி.

"உங்க கூட நின்ன போட்டோ இருக்குதான்னுதான் மொதல்ல கேட்டாருங்க."

உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "தேடிப் பாருங்க."

அதில்தான் அந்த வீடியோ இருந்தது. நாலைந்து நொடி. மேடையில் இரண்டு பேரும் விறைப்பாக நிற்கிறார்கள். நடுவில் யாரோ ஒருவரின் கை குறுக்கே போகிறது. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார். "யார் எடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு நிலத்துக்குள் இறங்கிப் போனார்.

மலர்க்கொடி அந்த வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்து, முடிந்த அளவு தெளிவாக்கி ஆல்பத்தில் வைத்தார். மற்ற இடங்களையும் போன் படங்களை வைத்தே நிரப்பினார். பல முகங்கள் மங்கல்தான். வீட்டுக்காரர்கள் வந்து ஆல்பத்தை வாங்கிப் போனார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மலர்க்கொடிக்கு ஒரே கம்பெனியில் ஜோடி ரேம் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொடுக்க அவர் கூப்பிட்டது சகலையை. அதற்குப் பிறகு என் கடைக்கு அவர் வரவே இல்லை. அதுதான் நியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவருடைய வண்டி சங்கராபுரம் ரோட்டில் திரும்புவதைப் பார்த்தபோது வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சகலை என் கடைக்கு வந்தார். மலர்க்கொடியின் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய அந்தப் பழைய ரேம் இரண்டும் அவர் சட்டைப் பையில் இருந்தன. மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"அண்ணா, தப்பா நெனக்காதீங்க. அந்த டைமிங்ல இதுங்க எப்படி பூட் ஆச்சி? நான் எடம் மாத்தி வெச்ச அன்னிக்கு மத்தியானம் பூரா டைமிங்க கொறச்சிப் பாத்தேன். ஒரு தபா கூட ஸ்க்ரீன் வரல. நீங்க வெச்ச நம்பர பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சிது. போட்டோ போனது கூட அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சி."

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். ஒரு வீட்டின் கல்யாணத்தை அழித்துவிட்டு மலையேறிப் போய் நின்று வந்தவன், சகலைக்கு என்னைப் பார்த்து வயிறு எரிந்தது என்று கேட்டதும் குளிர்ந்துபோனேன். இது போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குப் போகவில்லை. அது உள்ளே இருக்கும்போது பயாஸில் கை வைக்காமல் இருப்பதுதான் உங்களால் முடிந்தது. வைத்துவிட்டால், டிராயரைத் திறந்து அந்த பென் டிரைவை எடுங்கள்.

"வோல்ட்டேஜ கொஞ்சம் ஏத்தினேன் சகல. உக்காருங்க, காட்டறேன்" என்றேன்.

கடையில் சும்மா கிடந்த மதர்போர்டு ஒன்றில் அந்த இரண்டு ரேமையும் போட்டோம். நான் வைத்திருந்த அதே எண்களை வைத்தோம். இந்த முறை டெஸ்டையும் ஓட்டவிட்டோம். டீ வாங்கி வந்தேன். அவர் முனக ஆரம்பித்தார். சதவீதம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழ் மூலையில் எரர் என்று முதல் சிவப்பு வரி வந்தது. மங்க ஆரம்பித்திருந்த கண்ணோடும் அதை நான்தான் முதலில் பார்த்தேன். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவரே பார்க்கட்டும் என்று டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அண்ணா, அதோ பாருங்க. வந்துடுச்சி" என்றார் சகலை.

"ஆமா சகல" என்றேன்.